அன்பை வாக்குப்பெட்டியில் தேடாதீர்கள்

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நடிகர் மீது மக்கள் வைக்கும் அன்பு அரசியலில் வாக்காக மாறுமா, மாறாதா என்பது இன்றைய தலைப்பு. மாறாது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு பெயர்களைச் சொன்னார். ஒன்று எம்.ஜி.ஆர்., இன்னொன்று என்.டி.ஆர். ஒருவர் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்துக்கொண்டே 1984 தேர்தலில் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். இன்னொருவர் கட்சி தொடங்கி ஒன்பதே மாதத்தில் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். இதற்குப் பெயர் அன்பு இல்லாமல் வேறென்ன என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். பதில் இருக்கிறது, வருகிறேன். ஆனால் இந்தத் திருவையாற்றில் மேடை போட்டு, நடிகர், அன்பு, வாக்கு என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு, ஒரு பெயரை மட்டும் சொல்லாமலே அவர் இறங்கிப் போய்விட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடுவர் அவர்களே, அந்தப் பெயர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1989 சட்டமன்றத் தேர்தலில் சிவாஜி போட்டியிட்ட தொகுதி இந்தத் திருவையாறு. அவருக்கு இது அந்நிய மண் இல்லை. பக்கத்தில் சூரக்கோட்டையில் அவருக்கு வயல் இருந்தது, பண்ணை வீடு இருந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் அவரை நடிகராக மட்டும் பார்த்தவர்கள் இல்லை, நம்ம வீட்டுப் பிள்ளை என்று பார்த்தவர்கள். அந்த மனிதர் இங்கே தி.மு.க. வேட்பாளர் துரை. சந்திரசேகரனிடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அவர் தொடங்கிய தமிழக முன்னேற்ற முன்னணிக்கு மாநிலம் முழுக்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். அன்பு வாக்காக மாறும் என்பதுதானே உங்கள் வாதம்? அப்படியானால் சிவாஜி தோற்றதற்கு என்ன அர்த்தம்? இந்த மக்களுக்கு அவர் மேல் அன்பு இல்லை என்று அர்த்தமாகும். அதை இந்த மேடையில் நின்று சொல்வீர்களா? இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?

விழுப்புரத்தில் பிறந்து, விளையாடுகிற வயதில் நாடகக் கம்பெனிக்குப் போய், பெண் வேடம் கட்டி, அடி வாங்கித் தொழில் கற்ற மனிதர் அவர். அண்ணா எழுதிய நாடகத்தில் அவர் சிவாஜியாக நின்றதைப் பார்த்துப் பெரியார் வாயால் வந்த பெயர்தான் கடைசிவரை அவருக்கு நிலைத்தது. 1952இல் பராசக்தி. அந்த நீதிமன்றக் காட்சியின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லாத ஒரு பள்ளி ஆண்டு விழா இந்த நாட்டில் இருந்ததா? 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது. அந்த விருது எந்த வேடத்துக்கு? கட்டபொம்மனுக்கு. இன்றைக்கும் நம் வீட்டுப் பிள்ளையிடம் கட்டபொம்மன் படம் வரைந்து காட்டு என்றால், அது வரைவது சிவாஜியின் மீசையைத்தான். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை வைத்தவர் அவர். தனக்குக் கிடைத்த புகழை, அந்தப் புகழுக்குக் காரணமான மனிதனின் காலடியில் கொண்டுபோய் வைத்தார். புகழைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று யாராவது கேட்டால் நான் கயத்தாற்றைத்தான் காட்டுவேன்.

இத்தனை அன்பையும் கொடுத்த மக்கள்தான் 1989இல் அவருக்கு வாக்களிக்கவில்லை. ஏன்?

எங்கள் பெரியப்பா ஒருவர், கண்டியூர்ப் பக்கம் விவசாயி. சிவாஜி மன்றத்துக்காரர். புதுப் படம் வருகிறதென்றால் முந்தின இரவே மைதா மாவைக் காய்ச்சி, வாளியில் எடுத்துக்கொண்டு, சைக்கிள் கேரியரில் சுவரொட்டிக் கட்டை வைத்துக் கிளம்பிவிடுவார். கையெல்லாம் பசை காய்ந்து தோல் உரியும். தோரணம் கட்டுவது, கொட்டகை வாசலில் ஆளுயரப் படத்துக்கு மாலை போடுவது, முதல் காட்சிக்கு வந்த பெண்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சிவாஜி படத்தில் செத்துப்போனால் அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டில் சாப்பாடு இறங்காது என்று பெரியம்மா சொல்வார். 1989 பிரசாரத்தில் சிவாஜி வேன் தெருவுக்குள் வந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோற்றுப்போன செய்தி வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்தபோது அவருடைய மகன் கேட்டார்: "அப்பா, நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"உதயசூரியனுக்கு."

வீடே திகைத்துப் போயிற்று. பெரியப்பா சொன்ன பதிலை அந்த வீட்டில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: "கணேசன் என் உசுருடா. ஆனா சொசைட்டியில உரம் வரலைன்னா, வாய்க்கால்ல தண்ணி ஏறலைன்னா, ஒரு மனு எழுதிக் குடுத்தா அதை வாங்கிக்கிட்டுப் போறதுக்கு ஊருல ஒரு ஆள் வேணுமே. கணேசனுக்கு அந்த ஆள் எங்கடா இருக்கு?"

நடுவர் அவர்களே, ஒரு விவசாயி ஒரே நெஞ்சில் இரண்டையும் தெளிவாக வைத்திருந்தார். அழுதது அன்பு. குத்திய முத்திரை கணக்கு. இரண்டும் உண்மை. இரண்டிலும் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தலைவருக்கும் தொண்டருக்கும் நடுவில் கிளைச் செயலாளர் என்று ஒருவர் இருக்கிறார் பாருங்கள், சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறவர், காவல் நிலையத்துக்குக் கூடவே நடக்கிறவர், அந்த ஒருவர் இல்லாமல் எந்தத் திலகத்தாலும் வாக்கை வாங்க முடியாது. சந்திரசேகரன் இதே தொகுதியில் பிற்பாடும் பலமுறை ஜெயித்தார். அவரை யாரும் திரையில் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிவாஜி அரசியலுக்குப் போன வழியே அன்பின் வழிதான். காமராசர் மேல் அவர் வைத்திருந்த பக்தி ஊரறிந்தது. 1967இல் காங்கிரஸ் தோற்றது, காமராசரே விருதுநகரில் தோற்றார், சிவாஜி விலகவில்லை. 1969இல் கட்சி உடைந்தது, டெல்லியில் ஆட்சி இருந்த பக்கம் போகாமல் காமராசர் பக்கம் நின்றார். 1971இல் காமராசருக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். பெட்டியைத் திறந்தால் தி.மு.க.வுக்கு 184. வந்த கூட்டம் பொய்யா? பொய்யில்லை. பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், மனம் நிறைந்து வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்து 1988. எம்.ஜி.ஆர். மறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்த நேரம். அவருடைய மனைவி ஜானகி அம்மையார் முதலமைச்சர். சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. காங்கிரஸ் கைகொடுக்க மறுத்தது. எம்.ஜி.ஆரை அண்ணன் என்று அழைத்துப் பழகியவர் சிவாஜி. திரையில் கால் நூற்றாண்டு எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரண்டு பேர். அந்த அண்ணன் வீட்டு அம்மையாரைக் கைவிடக் கூடாது என்று அத்தனை வருடம் இருந்த காங்கிரஸை விட்டு வெளியே வந்தார், தனிக்கட்சி கண்டார், ஜானகி அணியோடு கூட்டணி வைத்தார். கணக்குப் பார்க்கிற அரசியல்வாதி செய்கிற காரியமா இது? அந்தத் தேர்தலில் இரட்டை இலை முடங்கிக் கிடந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. எம்.ஜி.ஆரின் மனைவி, எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்த அதே ஆண்டிப்பட்டியில் நின்றார். நடிகர் மீதான அன்பு வாக்காக மாறும் என்றால், இந்தியாவிலேயே மாற வேண்டிய முதல் இடம் அதுதான். ஜானகி அம்மையார் தோற்றார். அவருடைய அணிக்கு மொத்தமே இரண்டு இடம். எதிர்ப்பக்கம் நின்ற சேவலுக்கு 27. எம்.ஜி.ஆர். மேல் மக்களுக்கு இருந்த அன்பு ஒரு வருடத்தில் வற்றிவிட்டதா என்ன?

சரி, எம்.ஜி.ஆருக்கே வருகிறேன். எதிரணித் தலைவர் 1984ஐச் சொன்னார். அதற்கு முன்னால் 1953 இருக்கிறது, அதை ஏன் விட்டார்? அந்த வருடம் தி.மு.க.வில் சேர்ந்தார். 1962இல் மேலவை உறுப்பினர், 1967இல் பரங்கிமலைச் சட்டமன்ற உறுப்பினர், பிறகு கட்சியின் பொருளாளர். 1972இல் அவரை நீக்கியபோது அவரோடு வந்தது வெறும் ரசிகர் மன்றமா? இருபது வருடம் கொடி பிடித்து, சிறைக்குப் போய், தேர்தல் வேலை பார்த்துப் பழகிய ஆட்கள் மன்றம் மன்றமாக வந்தார்கள். பலகையில் இருந்த பெயரை மாற்றியதும் மன்றம் கிளைக்கழகம் ஆயிற்று. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்தது அந்த ஆட்களால்தான். 1967இல் கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படத்தைச் சுவரெங்கும் ஒட்டியது யார்? கட்சி. 1984இல் புரூக்ளின் மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சியை வீடியோ கேசட்டாக ஊர் ஊராகப் போட்டுக் காட்டியது யார்? அதுவும் கட்சி. அதோடு இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட அனுதாபம் கூட்டணியில் இருந்த காங்கிரஸ் வழியாக வந்து சேர்ந்தது. பெரியப்பா கேட்டாரே, மனுவை வாங்கிக்கொண்டு போக ஓர் ஆள், அந்த ஆள் எம்.ஜி.ஆருக்கு ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்.

இலட்சிய நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரனையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1962இலேயே தேனியில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குள் போனவர். அவர் பின்னால் தி.மு.க. இருந்தது. ரசிகர் எண்ணிக்கையில் அவரை விடப் பன்மடங்கு பெரியவரான சிவாஜி தோற்றார், அவர் ஜெயித்தார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

இனி ஆந்திரா. என்.டி.ஆரின் ஒன்பது மாதத்தைச் சொன்னவர், அந்த ஒன்பது மாதத்துக்கு முன்னால் காங்கிரஸ் அந்த மாநிலத்தில் என்ன செய்தது என்பதைச் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் நான்கு முதலமைச்சர்களை மாற்றியது டெல்லி. முதலமைச்சராக இருந்த அஞ்சையாவை பேகம்பேட்டை விமான நிலையத்தில் ராஜீவ் காந்தி எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். தெலுங்கு மக்களின் மானம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என்.டி.ஆர். பழைய செவ்ரோலே வண்டி ஒன்றைத் தேராக மாற்றிக்கொண்டு, சாலை ஓரத்தில் குளித்து, சாலை ஓரத்தில் சாப்பிட்டு, ஊர் ஊராகப் போனார். மக்கள் கோபத்துக்கு ஒரு சின்னம் கிடைத்தது, சைக்கிள் சின்னம். கோபம்தான் வாக்காயிற்று.

அன்புதான் என்றால் 1989க்கு என்ன சொல்வீர்கள்? அதே என்.டி.ஆர்., மக்கள் கண்ணுக்கு அதே கிருஷ்ணர். கல்வகுர்த்தி தொகுதியில் அவரே தோற்றார், ஆட்சியும் போயிற்று. 1994இல் மறுபடி மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். மறு வருடம் சொந்த மருமகன் சட்டமன்ற உறுப்பினர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு அவரை நாற்காலியிலிருந்து இறக்கினார். அன்றைக்கு ஆந்திர மக்கள் அவரை வெறுத்தார்களா? இல்லை. கட்சி கையை விட்டுப் போயிற்று, பதவியும் கூடவே போயிற்று. 1996 ஜனவரியில் அவர் இறந்தபோது ஹைதராபாத் தெருக்களில் வந்து நின்ற மக்களைக் கேளுங்கள், அன்பு எங்கே இருந்தது என்று. சிரஞ்சீவியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: 2009இல் திருப்பதியில் ஜெயித்தார், சொந்த மாவட்டத்துப் பாலகொல்லுவில் தோற்றார்.

இன்றைக்குக் களத்தில் நிற்கும் நடிகர்கள் யாரைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. இது தேர்தல் மேடை இல்லை. ஆனால் மறைந்த ஒருவரைப் பற்றிப் பேசாமல் இறங்க எனக்கு மனம் வராது. விஜயகாந்த்.

அவருடைய அலுவலகத்தில் பசியோடு போனவர்கள் யாரும் பசியோடு திரும்பியதில்லை என்று திரைத்துறையில் சின்ன வேலை பார்த்தவர்கள்கூடச் சொல்வார்கள். 2005இல் கட்சி தொடங்கினார். 2006இல் விருத்தாசலத்தில் அவர் ஒருவர் மட்டும் ஜெயித்தார். 2011இல் அ.தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்து 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016இல் உளுந்தூர்பேட்டையில் மூன்றாம் இடம், வைப்புத் தொகையும் போயிற்று. அந்தத் தேர்தலுக்கு முன்னும் பின்னும் அவருடைய பேச்சையும் தடுமாற்றத்தையும் வெட்டி ஒட்டி ஊரே சிரித்தது. ஓர் உடல்நலமில்லாத மனிதரைப் பார்த்துச் சிரித்தோம். அப்போது எல்லாரும் எழுதினார்கள், மக்கள் அவரை மறந்துவிட்டார்கள் என்று.

2023 டிசம்பர் 28. அவர் மறைந்த செய்தி வந்தது. கோயம்பேட்டிலும் மறுநாள் தீவுத்திடலிலும் வந்து குவிந்த கூட்டத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். யாரும் லாரி வைத்துக் கூட்டி வந்த கூட்டம் இல்லை. கைக்குழந்தையோடு வந்த பெண்கள், லுங்கியோடு வந்த சுமைதூக்கும் தொழிலாளிகள், ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வரிசையில் நின்றவர்கள். "சாப்பாடு போட்ட சாமி" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஒருவர் அழுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மக்கள் 2016இல் எங்கே இருந்தார்கள்? இங்கேயேதான் இருந்தார்கள். அன்றைக்கும் அவரை நேசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாக்கை மட்டும் வேறு இடத்தில் போட்டார்கள். பெட்டியில் தேடியவர்களுக்கு அந்த அன்பு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிரணியில் பேசிய பேராசிரியர் அம்மா, நாங்கள் மக்களின் பாசத்தைக் குறைத்துப் பேசுகிறோம் என்று வருத்தப்பட்டார். அம்மா, குறைப்பது நீங்கள். வாக்குதான் பாசத்துக்கு அத்தாட்சி என்று நீங்கள் சொல்கிற நிமிடத்தில், தோற்றுப்போன ஒவ்வொரு கலைஞனையும் அன்பில்லாதவன் ஆக்கிவிடுகிறீர்கள். தம் அபிமானிகளைத் தெய்வங்கள் என்றே அழைத்தார் கன்னட நடிகர் ராஜ்குமார். 1982இல் கோகாக் போராட்டத்தில் கன்னட மொழிக்காக அவர் தெருவில் இறங்கியபோது அந்த மாநிலமே பின்னால் வந்தது. அன்றைக்கு அவர் ஒரு கட்சி தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள். அவர் தொடங்கவில்லை, கடைசிவரை ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை. அவருக்குக் கிடைத்த அன்பை அளக்க உங்களிடம் என்ன படி இருக்கிறது? ஒரு வாக்குகூடக் கேட்காதவருக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஒரு நிமிடம் தர வேண்டும். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் விடை சொல்லட்டும், வேறெதுவும் வேண்டாம்.

1980 ஜனவரி, நாடாளுமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருக்கிறார். 39 தொகுதியில் அவர் கட்சி ஜெயித்தது சிவகாசியும் கோபிசெட்டிபாளையமும் மட்டும். வெறும் இரண்டு. அதே வருடம் மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அதே எம்.ஜி.ஆர்., அதே தொப்பி, அதே கறுப்புக் கண்ணாடி. அவர் கட்சிக்கு 129 இடம், மறுபடி முதலமைச்சர். இடையில் இருந்தது நாலைந்து மாதம். அந்த மாதங்களில் அவர் செய்தது என்ன தெரியுமா? பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்து 1979இல் தாம் போட்ட ஆணையைத் திரும்பப் பெற்றார். 31 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக உயர்த்தினார். பிறகு அவருடைய ஆட்சியை டெல்லி கலைத்தது, எங்கள் ஆட்சியை ஏன் கலைத்தீர்கள் என்று மக்களிடம் நியாயம் கேட்டார். ஜனவரியில் டெல்லிக்கு யார் வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு பக்கம் குத்திய மக்கள், மே மாதம் கோட்டைக்கு யார் வேண்டும் என்று கணக்குப் போட்டு மறுபக்கம் குத்தினார்கள். நண்பர் எழுந்து வந்து சொல்லட்டும்: ஜனவரியில் எம்.ஜி.ஆர். மேல் மக்களுக்கு இருந்த அன்பு எவ்வளவு, மே மாதம் எவ்வளவு?